ஆஸ்பத்திரி மூட்டை

இப்போது இருமக் கூடாது. தும்மக் கூடாது. யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னாலும் சிரித்துவிடக் கூடாது. இந்தத் தூளியைத் தூக்கி வைத்துவிட்டால் அடுத்தது வரைக்கும் கவலையில்லை. அடுத்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"பிடிச்சியா?" தொட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமியார் கேட்டாள்.

"பிடிச்சேன் அத்தை."

"ம்."

அந்த 'ம்' வந்ததும் இருவரும் மூச்சை அடக்கி ஒரே இழுப்பில் தூக்க வேண்டும். அந்தச் சலவைக் கூடத்தில் ஈர விரிப்புகள் தொட்டியிலிருந்து பிழியும் மெஷினுக்குப் போவது இப்படித்தான். ஒரு பெரிய விரிப்பை நான்கு முனையிலும் முடிந்து, அதற்குள் மற்றவற்றை அள்ளிப் போட்டு, ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடிப்பார்கள். அதற்குத் தூளி என்று பெயர். வாளி வாளியாக எடுத்தாலும் வேலை நடக்கும். ஆனால் தரையெல்லாம் தண்ணீராகும், பொழுதும் போய்விடும். மாமனார் இருந்த காலத்தில் வாளியைக் கையில் எடுத்த வேலைக்காரனைப் பார்த்து, "என்னப்பா, செடிக்குத் தண்ணி ஊத்தப் போறியா?" என்று கேட்பாராம். அதற்குப் பிறகு யாரும் வாளியைத் தொடவில்லை.

தூக்கினார்கள். தொட்டியின் விளிம்பைத் தாண்டும்போது மருமகளின் அடிவயிற்றுக்குள் ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டுக் கீழே நழுவியது. வலி என்று சொல்ல முடியாது. வலித்திருந்தால் வலிக்கிறது என்று யாரிடமாவது சொல்லியிருக்கலாம். இது தொடையிடுக்கில் அவித்த முட்டை ஒன்றை வைத்துக்கொண்டு நிற்பதுபோல் இருந்தது. அதோடு சேர்ந்து கொஞ்சம் சிறுநீரும் கசிந்தது. பாவாடை ஏற்கெனவே தொட்டித் தண்ணீரில் நனைந்திருந்ததால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இந்த வேலையில் அது ஒரு வசதி.

"முகம் ஏன் இப்படிப் போகுது?" என்றாள் மாமியார்.

"சோப்புத் தண்ணி கண்ணுல பட்டுருச்சு."

மாமியார் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. இடுப்பைப் பார்த்தாள். பிறகு திரும்பி மெஷினின் மூடியைத் திறக்கப் போனாள், காலை அகட்டி, ஒவ்வொரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து. அந்த நடைக்காகவே தெருவில் அவளுக்கு 'வாத்து' என்று பெயர். மூட்டு வாதம் என்று அவள் சொல்லிக்கொள்வாள். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகளும் அந்தப் பெயரைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள்.

பிறந்த குழந்தைக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. இரண்டாவது பிள்ளை, பெரிய தலை. ஒரு பகலும் ஒரு இரவும் முக்க வைத்து, கடைசியில் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார்கள். அந்த ஆஸ்பத்திரியின் துணிகளும் இவர்கள் கூடத்துக்குத்தான் வெளுக்க வரும். அவள் படுத்திருந்த விரிப்பின் ஓரத்தில் அவளே அடையாளத்துக்குத் தைத்த நீல நூல் இருந்தது. வலி உச்சத்துக்குப் போனபோதெல்லாம் அந்த நூலைத்தான் விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கையில் கொடுத்தார்கள், தையலைப் பார்த்தார்கள், தாய்ப்பாலைப் பற்றிச் சொன்னார்கள். இதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து கொஞ்ச நாளில், குளிக்கும்போது சோப்புக் கை எதையோ தொட்டது. வழுவழுப்பாக, உருண்டையாக, வெதுவெதுப்பாக. சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினாள், கழுவினால் போய்விடும் என்பதுபோல. படுத்தால் உள்ளே போய்விடும். காலையில் எழுந்திருக்கும்போது ஒன்றும் இருக்காது. எல்லாம் கனவென்று நினைக்கத் தோன்றும். முதல் தூளியைத் தூக்கியதும் திரும்பி வரும். இன்னும் நான் பெற்று முடிக்கவில்லையோ என்று சில சமயம் அவளுக்குத் தோன்றியது. பிள்ளை போன வழியே நானும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கிறேனோ.

கணவனிடம் சொல்லலாம் என்று வாயெடுத்திருக்கிறாள். அவன் கெட்டவனில்லை. ஆனால் தூக்குகிற ஆள் வேலையை விட்டுப் போன அதே வாரத்தில், புதிதாகத் திறந்த லாட்ஜின் விரிப்புகளையும் எடுத்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றான்.

"வேற ஆள் பார்க்கலையா?" என்று கேட்டதற்கு, "வீட்டுலயே ரெண்டு பேர் இருக்கீங்களே. அம்மா ஒருத்தியே ரெண்டு ஆளுக்குச் சமம்" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். பக்கத்தில் நின்ற மாமியாரின் முகமும் மலர்ந்தது.

அன்றைக்கே இன்னொன்றும் சொன்னான். அவள் காயப்போட்ட துணிகளை எடுத்துக்கொண்டு வந்தபோது நின்று பார்த்துவிட்டு, "என்ன, நீயும் அம்மா மாதிரியே நடக்கற?" என்றான். கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் மட்டும் சிரிக்கவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. ஒரு வாரமாகச் சூரியனே இல்லை. கூடத்துக்குள் கயிறு கட்டி, அதன்மேல் இன்னொரு கயிறு கட்டி, விரிப்புகள் தொங்கின. அவற்றின் நடுவே தலையைக் குனிந்துகொண்டுதான் நடக்க வேண்டும். காயாத துணியின் புளித்த வாடை சோற்றில், டீயில், பிள்ளையின் தலைமுடியில் எல்லாம் ஏறியது. ஆனால் அதற்கு அடியில் வேறொரு வாடையும் இருப்பதாக அவளுக்குப் பட்டது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று மெஷினுக்குப் பின்னால்கூடத் தேடிப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரி மூட்டை வந்தால் பிரிப்பதற்கு அந்தக் கூடத்தில் யாரும் முந்த மாட்டார்கள். ரத்தமும் சீழும் மருந்தும் கலந்த மூட்டை அது. கையில் உறை போட்டுக்கொண்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு பிரிக்க வேண்டும். ஆனால் சில மாதமாக மாமியாரும் மருமகளும் அதற்குப் போட்டி போட்டார்கள்.

"நான் பிரிக்கறேன் அத்தை, நீங்க உட்காருங்க."

"பச்சை உடம்புக்காரி, உனக்கு எதுக்கு இந்த அழுக்கு? தள்ளு."

"உங்களுக்குத்தான் குனிஞ்சா முடியாதே."

"எனக்கு முடியாதுன்னு உன்கிட்ட வந்து சொன்னேனா?"

இஸ்திரி மேசையில் நின்று தலையணை உறைகளைத் தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, ஒன்றையும் விடாதவள், இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "மாமியாரும் மருமகளும் அடிச்சுக்கறதைப் பார்த்தா உள்ள தங்கம் இருக்கும் போல. எனக்கும் ஒரு துண்டு குடுங்கம்மா, மகளுக்குத் தோடு பண்ணணும்."

"உன் வாயைத் தேய்ச்சு மடிச்சு வை முதல்ல" என்றாள் மாமியார்.

அந்த மூட்டையில் மருமகளுடைய தங்கம் இருக்கத்தான் செய்தது. கணவனின் பழைய கட்டம்போட்ட சட்டையைக் கிழித்து, பட்டை பட்டையாக மடித்து, கசிவுக்கு வைத்துக்கொண்டிருந்தாள். அதைக் கொல்லையில் தனியாகத் துவைத்துக் காயப்போட்டால் நூறு கேள்வி வரும். ஆஸ்பத்திரி மூட்டைக்குள் செருகிவிட்டால் கேட்பாரில்லை. கொதிக்கிற தண்ணீரில் வெந்து, வெளுத்து வரும். மூட்டை வந்ததும் உள்ளே தள்ளி, தானே அதைப் பிரித்து, அலசும்போது எடுத்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். வெளுப்பவள் வீட்டுப் பெண்ணுக்குத்தான் தோன்றும் இந்த யோசனை. அதனால் அது தனக்கு மட்டுமே தோன்றியது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள்.

இஸ்திரி அக்கா சாப்பிடப் போயிருந்த மதியம் ஒன்றில் இருவருமே மூட்டையை விடவில்லை. ஆளுக்கொரு முடிச்சை அவிழ்த்தார்கள். மூட்டை சரிந்து தரையில் பரவியது. பச்சைத் துணிகளுக்கு நடுவே அவளுடைய கட்டம்போட்ட துண்டு மேலே வந்து விழுந்தது. எடுப்பதற்குள் மாமியார் அதைப் பார்த்துவிட்டாள். மகனின் சட்டை, தானே எடுத்துக் கொடுத்த துணி.

மருமகளும் வேறொன்றைப் பார்த்தாள். கருநீலப் பாவாடையிலிருந்து கிழித்த துண்டுகள், ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்து கிடந்தன. பழுப்பும் மஞ்சளும் கொஞ்சம் சிவப்புமாக. செத்த எலி என்று அவளைத் தேடவைத்த அந்த வாடை அதிலிருந்துதான் வந்தது. அந்தப் பாவாடை மாமியாருடையது.

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இருவரும் குத்துக்காலிட்டபடியே இருந்தார்கள்.

"எப்பலேருந்து?" என்றாள் மாமியார்.

"சின்னது பிறந்ததுலேருந்து."

"வெளிய வருதா?"

"தூக்கும்போது வருது. படுத்தா போயிடுது."

"அப்ப ஆரம்பம்தான்." மாமியார் கட்டம்போட்ட துண்டை எடுத்துக் கொதி தொட்டியில் போட்டாள். "எனக்குப் படுத்தாலும் போகாது."

"எப்பலேருந்து அத்தை?"

"இவன் பிறந்ததுலேருந்து." மகன் இருக்கும் திசையில் தாடையை அசைத்தாள். "பெத்து பதினஞ்சாம் நாள் தொட்டிக்கு வந்துட்டேன். உங்க மாமனார்கிட்ட சொன்னேன். 'எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதானே, நீ என்ன அதிசயமா பெத்துட்ட?'ன்னாரு. அதோட வாயை மூடிக்கிட்டேன்."

"இத்தனை வருஷமா எப்படித் தூக்கினீங்க?"

மாமியார் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். சொல்லும்போது ஒரு வேலை நுணுக்கத்தைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள். "பந்து வச்சுக்கிட்டேன்."

"என்ன பந்து?"

"ரப்பர் பந்து. இவன் விளையாடினது. காணோம்னு ரெண்டு நாள் சாப்பிடாம அழுதான், பாவம். உள்ள வச்சுக்கிட்டா தடுத்து நிக்கும். அதுக்கப்புறம் தூளி என்ன, மெஷினையே தூக்கலாம். முதல்ல எல்லாம் எடுத்துக் கழுவி வச்சுப்பேன்."

"இப்ப?"

"இப்ப அது வர்றதில்ல."

"வர்றதில்லன்னா?"

"எடுக்க வரல. அங்கேயே பிடிச்சுக்கிச்சு. இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். நல்லாத்தான் இருந்துச்சு. இந்த மழைக்குத்தான் கொஞ்சம் இப்படி."

மழைக்கு உடம்பு இப்படி ஆகுமா? ஆகாது என்று மாமியாருக்கும் தெரிந்துதான் இருந்தது. சொல்லிவிட்டு அவள் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கும் ஒண்ணு வாங்கித் தரேன்" என்றாள் மாமியார், கனிவாக. "முனைக் கடையில அந்த அளவுல இருக்கு. நானே வச்சு விடறேன், பயப்படாத. யாருக்கும் தெரிய வேணாம். லாட்ஜ் வேலை நல்லபடியா போகும்."

அவ்வளவு வருஷத்தில் மாமியார் அவளுக்குக் கொடுக்க முன்வந்த பொருட்களில் இவ்வளவு அன்போடு கொடுக்க வந்தது வேறொன்றும் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

மறுநாள் வெளுத்த துணிகளைக் கொடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனவள், மூட்டையைக் கணவனிடம் விட்டுவிட்டு, தையல் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லி, டாக்டரம்மாவின் அறை வாசலில் உட்கார்ந்தாள். உள்ளே போனதும் கட்டிலில் ஏறிப் படுத்தாள். அதே நீல நூல். டாக்டரம்மா பார்த்தாள், இருமச் சொன்னாள். எத்தனையோ நாளாக அடக்கிவைத்த இருமல். இருமியதும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கர்ப்பப்பை இறங்கியிருக்கு. முன்பக்கம் மூத்திரப்பையும் கொஞ்சம் சரிஞ்சிருக்கு. அடியில இருந்து தாங்கற தசை தளர்ந்துபோச்சு" என்றாள் டாக்டரம்மா. "அழாதீங்க. இதுக்கு வழி இருக்கு. வெளிய பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்களே, அதுல பாதிப் பேருக்கு இருக்கும். கேட்டா இல்லம்பாங்க."

தசையை இறுக்கிப் பிடித்து விடுகிற பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தாள். தாங்கி நிற்க வளையம் ஒன்று இருக்கிறது, அளவு பார்த்து நானே வைக்கிறேன், அடுத்த வாரம் வா என்றாள். பிறகு என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டாள். அவள் தூளியைப் பற்றிச் சொன்னாள். அந்த 'ம்'மைப் பற்றியும் சொன்னாள்.

"மூச்சை அடக்கித் தூக்கறது, மேலே இருந்து மிதிச்சுத் தள்ற மாதிரி. இனிமே பாரம் தூக்கக் கூடாது. தூக்கிக்கிட்டே இருந்தா பயிற்சியும் உதவாது, வளையமும் நிக்காது."

எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டே, "வளையம் இல்லாம பந்து வச்சா?" என்று கேட்டாள்.

"என்ன பந்து?"

"ரப்பர் பந்து. ரொம்ப வருஷமா. இப்ப எடுக்க வரலையாம். வாடை வருது. ரத்தமும் வருது."

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூட மறந்து திரும்பினாள். "யாருக்கு?"

"தெரிஞ்சவங்களுக்கு."

"காய்ச்சல் இருக்கா?"

அவளுக்குத் தெரியவில்லை. மாமியாரை அவள் தொட்டே பல நாளாயிற்று. இருவருக்கும் நடுவில் எப்போதும் ஒரு விரிப்பு இருந்தது.

"அது உள்ள சதையை அரிச்சிருக்கும். பக்கத்துல மூத்திரப்பை, குடல் எல்லாம் இருக்கு. இங்க எடுக்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். நாளைக்கு, அடுத்த வாரம்னு தள்ளாதீங்க. ரத்தத்துல கலந்துட்டா யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

கணவன் அவளைக் கூடத்தில் இறக்கிவிட்டு, லாட்ஜ் துணிகளை எடுக்க வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். வழியெல்லாம் சொல்லத் துடித்தவள், இது தன்னுடைய ரகசியம் இல்லை, முதலில் அத்தையிடமே கேட்டுவிடுவோம் என்று அடக்கிக்கொண்டாள்.

இஸ்திரி அக்கா மழைக்காக அன்று வரவில்லை. மாமியார் கைக்குழந்தையைத் தொட்டிலில் தூங்க வைத்துவிட்டு, தனியாகத் தூளியைக் கட்டி முடித்திருந்தாள். முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. அந்தக் குளிரில் யாருக்கும் வியர்க்க வழியில்லை.

அவள் போய்க் கையைப் பிடித்தாள். கொதித்தது.

"டாக்டர்கிட்டப் போனியா?" மாமியார் கையை இழுத்துக்கொண்டாள். "என்னைப் பத்திச் சொன்னியா?"

"பேரு சொல்லல. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணுமாம் அத்தை. இன்னைக்கே."

"போவோம். லாட்ஜ் துணி ஒரு சுத்து முடியட்டும்."

"முடியாது. காய்ச்சல் அடிக்குது உங்களுக்கு."

"காய்ச்சல் எனக்குப் புதுசா? பிடி அந்தப் பக்கம்."

"இவர்கிட்ட நான் பக்குவமா சொல்றேன்."

மாமியார் நிமிர்ந்தாள். "அவன்கிட்ட ஒரு வார்த்தை போச்சு, நான் உனக்கு மாமியாரும் இல்ல, நீ எனக்கு மருமகளும் இல்ல."

"ஏன் அத்தை? அவர் உங்க பிள்ளைதானே."

"பிள்ளைங்கறதாலதான்." குரல் சட்டென்று இறங்கியது. "அவனைப் பெத்ததுல வந்ததுன்னு அவனுக்குத் தெரியக் கூடாது. என்னைப் பார்க்கறப்பல்லாம் அவனுக்கு அது ஞாபகம் வரும். அம்மா ரெண்டு ஆளுக்குச் சமம்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான், அது அப்படியே இருக்கட்டும். அவன் வந்து என் கண்ணைப் பார்க்காம தரையைப் பார்த்துப் பேசினா, அதுக்கு நான் இங்கேயே செத்துப்போகலாம்."

"செத்துத்தான் போவீங்க" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. மாமியார் கோபப்படவில்லை. இதை ஏற்கெனவே கணக்குப் பார்த்து வைத்திருப்பவளைப்போல் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு குனிந்து தன் பக்கத்து முனைகள் இரண்டையும் கையில் சுற்றிக்கொண்டாள்.

"பிடி."

பழக்கத்தில் அவள் கை தானாக முனைக்குப் போனது. ஈரத் துணி விரலில் பட்டதும் முழங்கால் ஒட்டிக்கொண்டது, மூச்சு உள்ளே போய் நின்றது. உடம்புக்கு எல்லாம் மனப்பாடம். அவள் மூச்சை வெளியே விட்டாள். கையை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"பிடிக்க மாட்டேன் அத்தை."

"நீ பிடிக்கலைன்னா தனியா தூக்குவேன்."

"தெரியும்."

"தூக்க மாட்டேன்னு நினைக்கறியா?"

"தூக்குவீங்க. ஆனா நான் பிடிக்க மாட்டேன்."

மாமியார் அவளைப் பார்த்தாள். "ம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இழுத்தாள். தூளியின் ஒரு பக்கம் தண்ணீரை விட்டு எழும்பியது. அடுத்த கணம் கைகள் நடுங்கி, அது மறுபடி தொட்டியில் விழுந்து இருவர் மேலும் தண்ணீரை வாரி இறைத்தது. மாமியார் தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய காலடியில் தேங்கிய சோப்புத் தண்ணீரில் சிவப்பு மெல்லிய நூலாக இறங்கிக் கலந்தது. மாமியார் பாதத்தை நகர்த்தி அதை மறைத்துக்கொண்டாள்.

வெளியே வண்டி வந்து நின்றது. இன்ஜினை ஓடவிட்டபடியே, தலையில் ஒரு கோணியைப் போட்டுக்கொண்டு மகன் உள்ளே எட்டிப் பார்த்தான். "லாட்ஜ்க்காரன் சாயங்காலத்துக்குள்ள கேட்கறான். ஏன் ரெண்டு பேரும் இப்படி நிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லடா" என்றாள் மாமியார், திரும்பாமலே. "முனை வழுக்கிருச்சு."

"அம்மா, முகம் ஏன் இப்படி இருக்கு?"

"அதான் ஒண்ணுமில்லங்கறேனே. நம்பலைன்னா இவளைக் கேளு." மாமியாரின் கண்கள் அவள்மேல் வந்து நின்றன. அந்தக் கண்களை அவள் அதுவரை பார்த்ததில்லை. கட்டளை இல்லை அதில்; கெஞ்சல்தான். "நீயே சொல்லு. ஒண்ணுமில்லன்னு சொல்லு அவன்கிட்ட."

அவன் அவளைப் பார்த்தான். சொல்லிவிட்டால் இந்த மனுஷி இனி தன் கையால் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள் என்று அவளுக்குத் தெரிந்தது. தொட்டியைச் சுற்றிப் போய் மாமியாரின் தோளுக்கு அடியில் தன் தோளைக் கொடுத்து நின்றாள். வேகிற உடம்பு அவள்மேல் சாய்ந்தது.

"அதை நான் சொல்ல மாட்டேன் அத்தை" என்றாள் மெதுவாக. பிறகு கணவனிடம், "வண்டியை அணைச்சிடாதீங்க" என்றாள்.